ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று: தமிழ்க் காதுக்கு ஒரு முழு வழிகாட்டி

கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடனுக்கான ஆங்கிலச் சொல்லை 'டெப்ட்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடம். நடுவில் ஒரு பி கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அது என்ன படிப்பு என்று தமிழ் வழியில் படித்து வந்தவன் மனசு கேட்காது. அலுவலகத்தில் யாரும் திருத்தவில்லை, பாதிப் பேர் என்னைப் போலத்தான் சொன்னார்கள். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் 'எந்த ஆழம்?' என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆழத்துக்கான 'டெப்த்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சொல் வெறும் 'டெட்'. பி ஊமை.

அதற்கப்புறம் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். அதில் சேர்ந்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். எழுத்துக்கூட்டலைக் காட்ட வேண்டிய இடத்தில், பள்ளியில் டீச்சர் கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்: கடன் என்றால் டி-இ-பி-டி. இதில் முதல் டி டாக்டரின் டி, கடைசி டி டைகரின் டி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, பார்த்தீர்களா? நம் எழுத்திலும் ஓட்டை உண்டு என்பதை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது.

முதல் படி: நம் எழுத்தை வைத்து ஆங்கிலத்தை எடை போடாதீர்கள்

தமிழ்ப் பிள்ளை 'அம்மா' படிக்கக் கற்றுக்கொண்டால், பொருள் தெரியாத சொல்லைக்கூட ஏறக்குறைய சரியாக வாசித்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். அங்கே 26 எழுத்துகள், ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தோராயமாக 44 ஒலிகள். அதில் உயிரொலி மட்டும் 20. அந்த 20 ஒலியையும் ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துதான் தாங்க வேண்டும், எப்போதாவது ஒய் வந்து கை கொடுக்கும். ஐந்து பாத்திரத்தில் இருபது குழம்பு வைத்தால் கலக்கத்தானே செய்யும்.

தமிழ் மட்டும் எழுதியபடியே படிக்கப்படுகிறதா என்றால், அதுவும் இல்லை. 'காகம்' என்ற சொல்லில் முதல் ககர ஒலி வேறு, இரண்டாவது வேறு. 'பாவம்' என்று எழுதியிருந்தால் அது செய்த பாவமா, நடனத்தில் முகத்தில் காட்டும் பாவமா என்று இடத்தைப் பார்த்துத்தான் ப-வை மென்மையாக்குகிறோம். 'நடு', 'நாடு' இரண்டிலும் கடைசி எழுத்து டு. ஆனால் 'நடு'வில் உகரம் முழுசாக ஒலிக்கும், 'நாடு'வில் பாதியோடு நின்றுவிடும். இதற்கு இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, எங்கே வரும் எங்கே வராது என்று சூத்திரமும் எழுதி வைத்துவிட்டார்கள். நம்முடைய வித்தியாசங்கள் பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தவை, அதனால் கண்ணில் படுவதில்லை. ஆங்கிலத்தின் வித்தியாசங்கள் வரலாற்றைப் பொறுத்தவை. இடத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, கதை தெரிந்தால் கொஞ்சம் பிடிபடும்.

இரண்டாவது படி: ஏன் இப்படி ஆனது என்று ஒரு முறை தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம், மனப்பாடத்தில் பாதி இங்கேயே குறையும்.

முதலில், அந்த ஊமை எழுத்துகளில் பல ஒரு காலத்தில் பேசின. கத்திக்கான சொல் கே-என்-ஐ-எஃப்-இ. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே-யைச் சொன்னார்கள். முழங்காலுக்கான சொல்லில் இன்று ஆங்கிலேயர் கே-யை விழுங்கி 'நீ' என்கிறார்கள், அதே சொல்லை ஜெர்மானியர் இன்றும் 'க்நீ' என்றுதான் சொல்கிறார்கள். இரவுக்கான சொல்லில் வரும் ஜி-எச், தொண்டையை உரசிக்கொண்டு வந்த ஒலி, நம் ஆய்தத்துக்குப் பக்கத்து வீடு. அந்த ஒலி செத்துவிட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. சில சொற்களில் அது சாகாமல் 'ஃப்' ஆக மாறிக்கொண்டது: லாஃப், இனஃப், காஃப், ரஃப். இதனால்தான் ஓ-யூ-ஜி-எச் என்ற ஒரே கூட்டம் 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பௌ' என்று ஐந்து வேஷம் கட்டுகிறது.

இரண்டாவது, 1066-ல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் ஆங்கிலச் சொற்களைத் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள். ராணிக்கான சொல் அதற்கு முன் சி-டபிள்யூ போன்ற எழுத்துகளில் தொடங்கியது, அவர்கள் கியூ-யூ ஆக்கிவிட்டார்கள். 'லவ்', 'சன்' (மகன்), 'கம்', 'மங்க்' எல்லாவற்றிலும் 'அ' ஒலிக்கு ஏன் ஓ போடுகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பரவலாகச் சொல்லப்படும் காரணம் இது: அந்தக் காலக் கையெழுத்தில் எம், என், யூ, வி எல்லாமே செங்குத்துக் கோடுகள்தான், பக்கத்துப் பக்கத்தில் வந்தால் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது, அதனால் யூ-வுக்குப் பதில் உருண்டையாக ஓ போட்டார்கள்.

மூன்றாவதுதான் பெரிய இடி. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே ஒரு படி நகர்ந்தன. அதற்கு முன் 'டைம்' ஏறக்குறைய 'டீம', 'ஹவுஸ்' 'ஹூஸ்', 'நேம்' 'நாம'. இதே காலத்தின் நடுவில், 1476-ல், வில்லியம் காக்ஸ்டன் லண்டன் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்துவிட்டார். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்தை ஈயத்தில் வார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? எழுத்து நின்றுவிட்டது, நாக்கு போய்க்கொண்டே இருந்தது. 'டைம்' சொல்லில் இரண்டாவதாக வரும் எழுத்தின் பெயரே ஆங்கிலத்தில் 'ஐ' ஆனதும் இந்த நகர்வால்தான். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அதே எழுத்தை இன்றும் 'ஈ' என்றுதான் அழைக்கிறார்கள். பேய்க்கான 'கோஸ்ட்' சொல்லில் ஜி-க்குப் பிறகு வரும் எச் கூட அச்சுக்கூடத்து வேலை, காக்ஸ்டன் பல வருடம் இருந்த பிளெமிஷ் நாட்டு எழுத்துமுறை ஒட்டிக்கொண்டு வந்தது.

நான்காவது, படித்தவர்களின் குறும்பு. கடனுக்கான சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது, எழுதினதும் இல்லை, சொன்னதும் இல்லை. லத்தீன் தெரிந்த பெரியவர்கள், இது 'டெபிடும்' வழி வந்த சொல் அல்லவா என்று ஒரு பி-யைச் சொருகினார்கள். சந்தேகத்துக்கான 'டவுட்'டிலும் இதே கதை. ரசீதுக்கான 'ரிசீட்' சொல்லில் ஒரு பி (இது பென்சிலின் பி) நுழைந்தது, ஆனால் அதே குடும்பத்து 'டிசீட்'டுக்கு அந்தப் பி கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் அண்ணனுக்கு மட்டும் சட்டை எடுத்த மாதிரி. தீவுக்கான 'ஐலண்ட்' இன்னும் மோசம்: அது லத்தீன் சொல்லே இல்லை, பழைய ஆங்கிலச் சொல். பார்க்க லத்தீன் வழி வந்த 'ஐல்' மாதிரி இருக்கிறதே என்று ஒரு எஸ்-ஸை ஒட்டிவிட்டார்கள். ஆக, நான் மூன்று வருடம் விசுவாசமாக உச்சரித்த பி, யாரோ படிப்பைக் காட்டிக்கொள்ளச் சொருகியது.

சில சொற்களில் எழுத்து ஒரு ஊரிலிருந்தும் ஒலி இன்னொரு ஊரிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது. புதைப்பதற்கான 'பெரி' சொல்லின் யூ மேற்கிலிருந்து, 'எ' ஒலி கென்ட் வட்டாரத்திலிருந்து. ராணுவக் 'கர்னல்' சொல்லில் எழுத்தில் எல், வாயில் ஆர்: இத்தாலியச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது இரண்டு வடிவமும் புழங்கின, ஒன்றின் எழுத்தையும் மற்றதன் ஒலியையும் வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் விதி தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், அப்படியே எழுதி வையுங்கள்.

மூன்றாவது படி: நம்பக்கூடிய விதிகளைப் பிடியுங்கள்

'ஆங்கிலத்துக்கு விதியே இல்லை' என்பது சோம்பேறிப் பேச்சு. மீனுக்கான 'ஃபிஷ்' சொல்லை ஜி-எச்-ஓ-டி-ஐ என்றும் எழுதலாம் என்று ஒரு கேலி உண்டு: 'இனஃப்'பில் உள்ள ஜி-எச், 'விமென்'னில் உள்ள ஓ, 'நேஷன்'னில் உள்ள டி-ஐ. பெர்னார்ட் ஷா சொன்னது என்று சுற்றுகிறது, ஆனால் அது 1855 கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது, ஷா பிறந்ததே 1856-ல். அது கிடக்கட்டும். அந்தக் கேலியே தப்பு, ஏனென்றால் ஜி-எச் சொல்லின் தொடக்கத்தில் ஒருபோதும் 'ஃப்' ஆகாது, டி-ஐ சொல்லின் கடைசியில் 'ஷ்' ஆகாது. அதாவது இடத்துக்கு விதி இருக்கிறது.

கடைசியில் ஊமையாக நிற்கும் இ, முன்னால் இருக்கும் உயிரை அதன் பெயர் ஒலிக்கு மாற்றும்: 'மேட்' என்ற தரைவிரிப்பு எம்-ஏ-டி, அதோடு இ சேர்ந்தால் கூட்டாளிக்கான 'மெய்ட்'. 'கிட்' 'கைட்' ஆகும், 'ஹாப்' 'ஹோப்' ஆகும், 'கட்' 'க்யூட்' ஆகும். ஆனால் 'ஹேவ்', 'கிவ்', 'லவ்' இதற்கு மசியாது. அங்கே இ வந்த காரணமே வேறு, ஆங்கிலச் சொல்லை வி-யில் முடிக்கக் கூடாது என்ற பழைய எழுத்துப் பழக்கம்.

அடுத்தது தமிழர்களுக்கென்றே சொல்ல வேண்டியது, நம் பேச்சைக் காட்டிக்கொடுப்பது. ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து வந்தால் நாம் 'பட்டர்', 'லெட்டர்', 'டின்னர்', 'ஹேப்பி' என்று அழுத்தி இரட்டிக்கிறோம். நமக்கு 'படு' வேறு, 'பட்டு' வேறு, அதனால் அது இயல்பு. ஆங்கிலத்தில், இரண்டு பகுதி ஒட்டிய சொல்லைத் தவிர, ஒரே சொல்லுக்குள் மெய்யொலி இரட்டிப்பதில்லை. இரண்டு என் போட்டது என்-னை அழுத்தச் சொல்லி இல்லை, அதற்கு முன்னால் உள்ள ஐ குறில் என்று சொல்லத்தான். ஒரு என் மட்டும் இருந்தால் அது 'டைனர்', இரண்டு என் இருந்தால் இரவுச் சாப்பாடு. ஆக 'டின்னர்' என்று எழுதினாலும் சொல்லும்போது 'டின-' என்று ஒற்றையாகத் தட்டிவிட்டுப் போங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள், பேச்சின் நிறமே மாறும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி-க்குப் பின்னால் இ, ஐ, ஒய் வந்தால் 'ஸ்', மற்றபடி 'க்'. ஜி-யும் அதேபோல 'ஜ்' ஆகும், ஆனால் 'கெட்', 'கிவ்', 'கேர்ள்', 'கிஃப்ட்' போன்ற அன்றாடச் சொற்கள் அடங்காது. சொல் தொடக்கத்தில் கே-என், ஜி-என், டபிள்யூ-ஆர், பி-எஸ் (பென்சிலின் பி) வந்தால் முதல் எழுத்து ஊமை. கடைசியில் எம்-பி (இது கடன் சொல்லில் வந்த பி) வந்தால் பி ஊமை: லேம், தம், கோம், பாம். நம் ஊரில் வெடிக்கும் 'பாம்ப்' ஆங்கிலத்தில் 'பாம்' என்றுதான் வெடிக்கும். குழாய் ரிப்பேர் செய்பவர் 'ப்ளம்மர்'.

இறந்தகால இ-டி-க்கு மூன்று ஒலி. முன்னால் டி வகை ஒலி இருந்தால் மட்டும் 'இட்' என்று தனி அசை: 'வான்டிட்'. மற்ற இடத்தில் அது அசையே இல்லை, டைகரின் டி ஒலியோ டாக்டரின் டி ஒலியோ மட்டும்தான். நடந்ததற்கு 'வாக்ட்', ஒரே மூச்சு, அதில் எல்-லும் கிடையாது. 'வாக்கெட்', 'ஆஸ்கெட்' என்று இழுக்காதீர்கள்.

நான்காவது படி: சொல் எந்த ஊர் என்று மோப்பம் பிடியுங்கள்

சி-எச் என்று வந்தால் பழைய வீட்டுச் சொல்லில் 'ச்': சைல்ட், சீஸ், சர்ச். கிரேக்க வழிப் படிப்புச் சொல்லில் 'க்': ஸ்கூல், கெமிஸ்ட்ரி, கேரக்டர். பிற்பாடு பிரெஞ்சிலிருந்து வந்ததில் 'ஷ்': மெஷின், ஷெஃப், பாரஷூட். மருத்துவம், அறிவியல், தத்துவம் என்றால் கிரேக்கம் என்று ஊகியுங்கள்; சமையல், ஃபேஷன் என்றால் பிரெஞ்சு. பத்தில் எட்டு முறை ஊகம் சரியாக வரும் என்பது என் நோட்டுக் கணக்கு, அதை ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாவது படி: அழுத்தம். இங்கேதான் நாம் விழுகிறோம்

ஊமை எழுத்துகளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அது வேடிக்கையாக இருக்கும். ஆனால் நாம் பேசுவது எதிராளிக்குப் புரியாமல் போவதற்கு முக்கியக் காரணம் அது இல்லை. 'டெப்ட்' ஒரு விதிவிலக்கு, என் துரதிர்ஷ்டம். மற்றபடி ஒரு ஊமை எழுத்தைச் சொல்லிவிட்டால் சிரிப்பார்கள், புரிந்துகொள்வார்கள். அழுத்தத்தை இடம் மாற்றினால் சொல்லே அவர்களுக்கு அகப்படாது.

தமிழில் எல்லா அசைக்கும் கிட்டத்தட்டச் சமமாகக் கூலி கொடுக்கிறோம். ஆங்கிலம் அப்படி இல்லை, ஒரு அசையைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தரையில் விட்டுவிடும். தரையில் விழுந்த அசையின் உயிரெழுத்து ஏ-வோ, இ-யோ, ஓ-வோ, எதுவாக இருந்தாலும் பல நேரம் ஒரே மங்கலான ஒலியாகிவிடும். இந்தச் சோம்பேறி ஒலிக்கு 'ஷ்வா' என்று பெயர், ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். இதற்குத் தனி எழுத்துக் கிடையாது, அதுதான் வேதனை. வாயில் வரவழைக்க ஒரு வழி: 'காசு', 'நாடு', 'பாட்டு' என்று சாதாரணமாகப் பேசுகிற மாதிரி சொல்லுங்கள், கடைசியில் உதடு குவியாமல் வாய் அசட்டையாக முடிகிறது அல்லவா? அதே ஒலி இல்லை, ஆனால் அதே அசட்டை. அந்த அசட்டையோடு ஒரு குட்டி 'அ' சொன்னால் ஷ்வா வந்துவிடும்.

இப்போது ஒரு சொல்லைக் கிட்டப் பார்ப்போம். புகைப்படத்துக்கு 'ஃபோட்டோகிராஃப்'. தூக்கிப் பிடிக்கும் அசை முதலாவது: ஃபோ-ட-க்ராஃப். நடுவில் இருக்கும் ஓ மங்கிவிட்டது. இதோடு இ-ஆர் சேர்த்துப் புகைப்படக்காரர் ஆக்குங்கள்: ஃப-டொக்-ர-ஃப. முதல் ஓ மங்கிவிட்டது, இதுவரை மங்கிக் கிடந்த இரண்டாவது ஓ நிமிர்ந்துவிட்டது. ஐ-சி சேர்த்தால் அழுத்தம் இன்னும் தள்ளிப்போகும்: ஃபோ-ட-க்ரா-ஃபிக். எழுத்து மூன்றிலும் அதேதான், ஒலி மூன்று. 'ஃபோட்டோ-கிராஃபர்' என்று முதலில் அழுத்திச் சொன்னால் கேட்பவர் ஒரு வினாடி திகைப்பது இதனால்தான்.

சில சொற்களில் அழுத்தம் மாறினால் இலக்கணமே மாறும். 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பதிவு, இரண்டாவதை அழுத்தினால் பதிவுசெய். பிரசென்ட், அப்ஜெக்ட், ப்ரொட்யூஸ் எல்லாம் இதே கூட்டம்.

சொல் கடைசிகளையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். ஏ-பி-எல்-இ என்று முடிந்தால் அது மேஜைக்கான டேபிள் இல்லை. 'கம்ஃபோர்டேபிள்' என்று நாலு கால் மேஜை போடுகிறோம், அவர்கள் சொல்வது 'கம்ஃப்-ட-பிள்', மூன்றே தட்டு. அதேபோல 'வெஜ்-ட-பிள்'. ஏ-ஜி-இ என்று முடிந்தால் 'ஏஜ்' இல்லை, 'இஜ்': வில்லிஜ், டேமிஜ், லகிஜ். மலை 'மவுன்டெய்ன்' இல்லை, 'மவுன்டின்'. புதன்கிழமை 'வெட்னஸ்டே' இல்லை, 'வென்ஸ்டே'. சாக்லேட்டுக்கு இரண்டே அசை, 'சாக்-லட்'.

ஆறாவது படி: அகராதியைக் காதால் பாருங்கள்

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசமாக ஒலியோடு இருக்கின்றன. ஸ்பீக்கர் படத்தைத் தட்டிக் கேட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள், பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே விநோதமான எழுத்துகள் இருக்குமே, அதில் மூன்று குறியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தலைகீழாகத் திரும்பிய இ, அதுதான் ஷ்வா. எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி மாதிரி ஒன்று இருந்தால் நெடில். மேலே நிற்கும் சின்னச் செங்குத்துக் கோடு, அதற்கு அடுத்து வரும் அசையில் அழுத்தம். இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மற்றவை தானாகப் பழகிவிடும்.

நோட்டில் என் முறை இது. இடப்பக்கம் எழுத்துக்கூட்டல், நடுவில் நான் இதுவரை சொல்லிவந்த தப்பு, வலப்பக்கம் தமிழில் சரியான ஒலி, அழுத்தும் அசைக்கு அடியில் கோடு. தப்பை எழுதி வைப்பது முக்கியம், ஏனென்றால் மூளை பழைய ஒலிக்குத்தான் முதலில் ஓடும். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதுவும் நீங்கள் அந்த வாரம் உண்மையாகவே பேசப்போகிற சொல். முடிந்தவரை புதுச் சொல்லை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் எழுத்தைப் பாருங்கள். கண் முந்திக்கொண்டால் காது அதைத்தான் நம்பும்.

ஏழாவது படி: பெயர்களில் ஊகம் வேண்டாம்

லெஸ்டர், க்ளாஸ்டர், வூஸ்டர் என்ற ஊர்களின் எழுத்தைப் பார்த்தால் பாதி எழுத்து வீணாகக் கிடக்கும். க்ரெனிச்சில் டபிள்யூ ஊமை. டெம்ஸ் நதியில் எச் அழகுக்கு. ஆள் பெயர் என்றால் கேட்டுவிடுங்கள், கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. நாம் ழ-வுக்கு இசட்-எச் போடுகிறோம், வடக்கே உள்ளவர் 'கனிமொழி'யை 'கனிமொஜி' என்று வாசித்தால் கோபித்துக்கொள்கிறோம். அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, இவ்வளவு சிக்கல் என்றால் எழுத்தையே மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முயன்றார்கள். 1906-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சடிக்கும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். பத்திரிகைகள் கிண்டலடித்தன, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எதிர்த்தது, அந்த வருடம் முடிவதற்குள் பின்வாங்கினார். நம் ஊரிலும் 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. வேலூருக்குக் கொடுத்த எழுத்தில் இரண்டு இ இருந்தது, ஊரே அதை 'வீலூர்' என்று படித்துச் சிரித்தது, சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒலியைப் பார்த்து எழுத்தை மாற்றப் போனால் யாருடைய வாசிப்புப் பழக்கத்துக்கு மாற்றுவது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது.

எழுத்து மாறாவிட்டாலும், எழுத்தைப் பார்த்து ஒலி மாறுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நெற்றிக்கான சொல்லை ஒரு காலத்தில் 'ஃபாரிட்' என்றார்கள், இன்று பெரும்பாலோர் எழுத்தைப் பார்த்து 'ஃபோர்ஹெட்' என்கிறார்கள். 'அடிக்கடி'க்கான 'ஆஃபன்' சொல்லில் டி-யை விட்டுவிட வேண்டும் என்று யாராவது உங்களைத் திருத்த வந்தால், அகராதியைத் திறந்து காட்டுங்கள்: 'ஆஃப்டன்', 'ஆஃபன்' இரண்டும் அதில் இருக்கும்.